நான்கு இரவு, ஐந்து பகல்

கம்பெனி வைத்த இலக்கு
நாலாயிரத்து இருநூறு லிட்டர் மருந்து.
மார்ச் முப்பத்தொன்று ராத்திரி பதினொன்றரைக்கு
கடைசிப் பெட்டிக்கு
எங்கள் பெயரிலேயே நான் பில் போட்டேன்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால்
எங்கள் உரக்கடை வாசல்வரை பஸ் நிற்கும்.
அங்கிருந்துதான் போனோம் சுவிட்சர்லாந்துக்கு:
நானும் என் வீட்டுக்காரர் துரைமாணிக்கமும்,
குண்டூர் டீலர்கள் பதினாறு பேர்,
லூதியானாக்காரர்கள்,
எந்நேரமும் எங்களை எண்ணிக்கொண்டே இருந்த ஜிக்னேஷ்.

அந்த ஊர்ப் பெயரை நான் இன்னும் சரியாகச் சொன்னதில்லை.
நடுவில் ஓர் எழுத்து
தொண்டையைச் செருமினால்தான் வரும்.
மர ஓட்டல். ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூ.
அறையில் சமைக்காதீர்கள் என்று
நம் நாட்டு மொழிகள் மூன்றில் ஒட்டியிருந்தார்கள்.
வேறு எந்த நாட்டாருக்கும் சொல்லவில்லை.
படித்துவிட்டு ரைஸ் குக்கரைப் பெட்டிக்குள் வைத்தேன்.
ராத்திரி பசித்தது.
எடுத்தேன்.

ஆவி எழும்பியதும் கூரையில் ஏதோ அலறிற்று.
ஓடிவந்த பெண் திட்டவில்லை,
ஜன்னலை மட்டும் அகலத் திறந்துவிட்டாள்.
கடனை வாங்காமல் போவதில்லை என்று வந்தவர் மாதிரி
குளிர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.
ஐம்பது பிராங்க் அபராதம்.
"ரெண்டு ஏக்கருக்கு அடிக்கலாம்" என்றார் இவர்
போர்வைக்குள்ளிருந்து.

பனியைத் தொட்டேன். கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்:
வேதாரண்யத்து உப்பு மாதிரிப் பொரபொரவென்று இருந்தது,
பிறகு புடவை முழங்கால்வரை நனைந்தது.
எல்லோரும் சிகரத்தைப் படம் எடுக்க
இவர் சரிவில் குனிந்து
ஒரு புல்லின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பூச்சி இல்லை.
"ஒண்ணும் அடிக்கறதில்ல போல."
அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊர் நடுவே ஆறு.
அரிசி களைந்த தண்ணீரின் நிறம்.
அவ்வளவு இரைச்சலை
நான் மூணாறு தலைப்பில்கூடக் கேட்டதில்லை,
மூன்று ஆறும் ஒன்றாய்ப் போகிற நாளிலும்.

திரும்பி வந்தபோது
ஜூன் பன்னிரண்டு தாண்டி நாலு நாள்.
மேட்டூர் திறக்கவில்லை.
கோரையாற்றுக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள்.

நாடிமுத்து வந்தார்.
பேரேட்டில் அவர் பக்கம்
ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பாக்கி.
செல்போனில் ஆற்றைக் காட்டினார் இவர்.
நாடிமுத்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
"இந்தத் தண்ணிய யாரு தொறந்து விடறது?"
"யாரும் தொறக்க வேண்டாம்.
வெயில் அடிச்சா பனி உருகி அதுவா வரும்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
ஃபேன் மட்டும் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தது.
"அப்ப, அங்க வெயில் நல்லதா?"
இவர் பதில் சொல்லவில்லை.
ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்தார்.
அது ஏற்கெனவே உருகியிருந்தது;
நாடிமுத்து தாளை மட்டும் நக்கிச் சுத்தமாக்கி
மலைப்படம் மடங்காமல் சட்டைப்பையில் வைத்தார்.

அவர் போன பிறகு
எனக்கு வேலையற்ற ஒரு கணக்கு வந்தது.
போன வருஷம் அவர் வாங்கிய மருந்து பதினெட்டு லிட்டர்.
நாலாயிரத்து இருநூறில் பதினெட்டு.
நாங்கள் அங்கே இருந்தது நூற்றெட்டு மணி நேரம்.
கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டேன்:
இருபத்தெட்டு நிமிஷம்.
கேபிள் காரில் ஏறி
பயத்தில் கண்ணை மூடி
இவர் கையைப் பிடித்தபடி
ஒன்றுமே பார்க்காமல் நான் மேலே போனது
ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

வெளியே கேட் மூடியிருந்தது.
டிவிஎஸ் ஐம்பதை அணைத்துவிட்டு
வெயிலில் நின்றுகொண்டிருந்தார் நாடிமுத்து.
"அடுத்த வருஷம் நார்வேயாம், ஐயாயிரம் லிட்டர்"
உள்ளேயிருந்து இவர் குரல்.
நான் பில் புத்தகத்தில்
கார்பன் தாளை மாற்றினேன்.