விளக்கம் தேவை

கணக்குப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,
'கடம்பா, இரண்டு கிலோ, எழுநூறு ரூபாய்'
என்ற வரியைச் சிவப்பில் வட்டமிட்டு
'விளக்கம் தேவை' என்று எழுதியிருந்தீர்கள்.
தருகிறேன்.

நாங்கள் ஒரு விரல் செய்கிறோம்.
எலும்பு கிடையாது, நகம் கிடையாது.
இரண்டு குப்பி சிலிக்கோனைச் சமமாகக் கலந்து
குமிழி போகும்வரை வெற்றிடத்தில் வைத்து
அச்சில் ஊற்றி, அடுப்பில் நான்கு மணி நேரம்.
உள்ளே அறை அறையாய்ப் பைகள்.
காற்று போனால் மடங்கும்
வந்துவிட்டால் நிமிரும்.
கம்ப்ரஸர் வாங்கியபோது நீங்கள் எதுவும் கேட்கவில்லை.

எல்லா ஊரிலும் இந்த விரல் முட்டை தூக்குகிறது.
நாங்களும் தூக்கினோம்.
தக்காளி, பல்பு, நாயர் கடை பன்.
முட்டை ரசீதுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள், நன்றி.
ஆனால் ஐயா, முட்டைக்கு ஒரு வடிவம் உண்டு.
பிடித்த இடத்தில் இருக்கும்.
கடம்பா அப்படியில்லை.
இங்கே அழுத்தினால் அங்கே போய் நிற்கும்.
அதைப் பிடிக்கும் கையைத்தான்
நாங்கள் செய்வதாக
உங்களிடம் பணம் கேட்ட தாளில் எழுதியிருக்கிறோம்,
பக்கம் பதினான்கு.

விரலின் தோலுக்கடியில் கரித்தூள் கலந்த ஓர் இழை.
நீண்டால் மின்தடை ஏறும்.
நழுவுவதற்குச் சற்று முன்
அந்த இழையில் ஒரு நடுக்கம் வரவேண்டும்,
பாசிப்படியில் கால் வைத்தவனுக்கு
விழும் முன்னே வயிற்றில் வருமே, அது.

வந்தது.
ஆனால் விரல் எதையும் பிடிக்காதபோதே வந்தது.
இரவு இரண்டு பத்து.
தேசப்பன் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
'நிலக்கரி வண்டிம்மா. எண்ணூர் போவுது.'
கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் திரும்பினால்
மூன்றாம் மாடியில் எங்கள் மேஜை அறிகிறது.
மணலியிலிருந்து துறைமுகத்துக்குப் போகும்
ஒவ்வொரு கண்டெய்னரையும் இந்த விரல்
யாரோ தொட்டதாக எண்ணிக்கொள்கிறது.

வடிகட்டிவிடு என்றார் நெறியாளர்.
வடிகட்டினேன்.
ரயில் போயிற்று. லாரி போயிற்று.
கடம்பா நழுவுவதும் போயிற்று.
இரண்டும் ஒரே அலைவரிசை, ஐயா.
இந்த ஊரின் அதிர்வை எடுத்தால்
விரலுக்குத் தொடுவுணர்ச்சியும் இல்லை.

ஆகவே காத்திருந்தோம்.
ஒரு ரயிலுக்கும் அடுத்ததற்கும் இடையே
நாற்பது நொடி, சில சமயம் ஒன்றரை நிமிடம்.
கடம்பா காத்திருக்காது.
ஐஸில் இருந்தும் ஒரு மணிக்கு மேல்
தோல் வெளுத்துப் பிசுபிசுக்கிறது;
அது வேறு பொருள், வேறு சோதனை.
தூக்கி எறி, அடுத்ததை எடு.
இரண்டு கிலோ ஏன் என்ற கேள்விக்கு
இதுதான் பதில்.

வியாழன் விடியல் நாலேகாலுக்கு
எங்கேயோ சிக்னல் கோளாறு.
சாலையிலும் லாரி வரிசை நின்றுபோனது.
பதினோரு நிமிடம் தண்டையார்பேட்டை வரைக்கும்
ஒன்றும் அசையவில்லை.
பன்னிரண்டு கடம்பா எடுத்தோம்.
ஐந்து தரையில்.
ஏழு முறை வரைபடத்தில் சீப்புப் பல் போல ஒரு சிறு சுருக்கம்,
உடனே விரல் தானாக
ஒரு மூச்சு கூடுதலாய் மடங்கிற்று.
தேசப்பன் கைதட்டப் போனார்.
மேஜை ஆடும் என்று கையைப் பிடித்துவிட்டேன்.

ரசீது இல்லை என்பது இரண்டாவது ஆட்சேபம்.
காசிமேட்டு ஏலத்தில் ரசீது கேட்டவள் நான் ஒருத்திதான்.
அமலோற்பவம் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்,
ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடியில் ஒரு துண்டு உடைத்து
தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
இணைத்துள்ளேன்.
வாடை அடித்தால் பொறுத்தருளவும்.

மூன்றாவது: மீதிப் பொருள்
இருப்புப் பதிவேட்டில் ஏன் ஏறவில்லை?
ஐஸில் இருந்து, விரல் தொடாத நான்கு மீந்தன.
அடுப்பு ஏற்கெனவே சூடாக இருந்தது.
மிளகுத்தூள் என் சொந்தச் செலவு.
அதைக் கோரவில்லை.

இப்படிக்கு,
அ. ஷமீமுன்னிசா
ஆய்வாளர், மென் இயந்திரக் கூடம், மூன்றாம் மாடி.
(கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம்
ஐந்து இருபது வண்டி.)