என்னைக் கழித்தால்

கேஸ் ஷீட்டில் எடை: சுமார் ஐம்பது.
யாரோ கண்ணால் நிறுத்து எழுதியது.
சேலையையும் கம்பளியையும் சேர்த்து நிறுத்திருப்பார்கள்,
நாற்பது வருஷம் தலையில் ஏற்றிய மீன் கடவத்தையும்.

குறும்பனை செரபீனம்மாள். எழுபத்தொன்பது.
காய்ச்சல் நூற்று மூன்று, மூத்திரத்தில் சீழ்,
பிரஷர் தொண்ணூறைத் தொட்டும் தொடாமலும்.
கருங்கல் சந்தைக்குப் பின்னால்
எங்கள் இருபது கட்டில் ஆஸ்பத்திரி,
திங்கள் இரவு பதினொன்றரை.
அமிக்காசின் என்றேன்.
ஐம்பதுக்கு எழுநூற்றைம்பதா டாக்டர்,
ரெஜிலா சிஸ்டர் ஊசியைப் பிரித்துவிட்டார்.
பொறுங்கள்.

படுத்தபடி நிறுக்கும் கட்டில் இங்கே இல்லை.
நிற்க அவளால் ஆகாது.
ஓ.பி.யிலிருந்து எடைமெஷினை இழுத்து வந்து
முதலில் நான் ஏறினேன்: அறுபத்திரண்டு.
(வீட்டில் சொல்வது ஐம்பத்தெட்டு.)
பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
டிரிப்பை உயர்த்திப் பிடித்தபடி
ரெஜிலா குனிந்து படித்தார்:
தொண்ணூற்று மூன்று.

என்னைக் கழித்தால் முப்பத்தொன்று.
அவள் சுமந்த ஒரு கடவம் சாளை
இதைவிடக் கனம் இருந்திருக்கும்.

கிரியாட்டினின் பூஜ்யம் புள்ளி ஏழு.
லேப் தாளில் சிவப்புக் கோடு இல்லை, நட்சத்திரம் இல்லை.
நல்ல எண். நம்பக் கூடாத எண்.
சதையே இல்லாத உடம்பில் அது எதிலிருந்து ஊறும்?
அடுப்பு மூட்டாத வீட்டில் புகை இல்லை,
அதனால் புகைபோக்கி சரியாக இருக்கிறது என்று ஆகிவிடுமா?

நூற்று நாற்பதில் வயதைக் கழித்து,
முப்பத்தொன்றால் பெருக்கி, வகுத்து,
பெண் என்பதற்காக இன்னும் கொஞ்சம் குறைத்து
(சூத்திரங்களும் அப்படித்தான்)
நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு மில்லி.
அவ்வளவுதான் வடிகட்டுகிறது உள்ளே.

முதல் டோஸில் கை நடுங்கக் கூடாது.
எடைக்கு உள்ளது முழுதாக:
நானூற்று அறுபத்தைந்து.
இரண்டு மில்லி குப்பியில்
இரண்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது கோடு.
அடுத்தது நாளை வேண்டாம்,
நாளை மறுநாள் இரவு.

மகன் கிளீட்டஸ் ஷார்ஜாவிலிருந்து போனில்:
“காசப் பாக்காதீங்க டாக்டர். ஃபுல் டோஸ் போடுங்க.
கொறச்சுப் போட்டா கொறச்சுல்லா கேக்கும்?”
மிஞ்சினால் சிறுநீரகம் போகும், காது போகும் என்றேன்.
“கொறஞ்சா?”
குறைந்தால் அவளே போவாள்.
அதை நான் சொல்லவில்லை.
அவரும் மறுபடி கேட்கவில்லை.
அங்கே ஏதோ லாரி பின்னால் வரும் பீப் சத்தம்,
வெகுநேரம்.

அவரிடம் சொல்லாத இன்னொன்று.
போன வருஷம், திற்பரப்பு ஞானசிகாமணி,
ரப்பர் பால்வெட்டு, முப்பத்தாறு கிலோ.
கேஸ் ஷீட்டில் சுமார் ஐம்பத்தைந்து. பத்து நாள் போட்டேன்.
பிழைத்துப் போனார், கருப்பட்டி கொண்டுவந்து தந்தார்.
மறுபரிசோதனை நாளில்
மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்.
கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து
எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

புதன் காலை.
காய்ச்சல் நூறு. கஞ்சி இரண்டு கரண்டி.
அவள் வலது காதருகே விரல்களை உரசினேன்.
அசைவில்லை.
இடது காதருகே.
அசைவில்லை.
ரெஜிலா எதுவும் சொல்லாமல் மருந்து டிரேயைத் துடைத்தார்,
துடைத்த இடத்தையே.

ரோட்டில் மீன்வண்டி ஹாரன் அடித்துப் போனது.

“குளச்சல் வண்டி,” என்றாள் கண்ணைத் திறக்காமல்.
“ஐஸு மீனு. வாங்கிராத பிள்ள.”