தீர்மானப் புத்தகம்

குடியரசு நாள் கிராம சபைக்கு
முந்தின ராத்திரியே
நடவடிக்கைக் குறிப்பை எழுதி முடித்துவிடுவேன்.
கூட்டம் இனிதே நடைபெற்றது.
ஆட்சேபணை ஏதுமில்லை.
அரசியல் அறிவியலில் எம்.ஏ. நான்.
நடக்காததை எழுத
இறந்தகாலம் எத்தனை வசதி.

காலையில் கொடி ஏறியது.
மூன்றாவது இழுப்பில் முடிச்சு அவிழ்ந்து
செவ்வந்தி இதழ்கள் தலைவர் சட்டையில் உதிர்ந்தன.
தேசிய கீதத்தில் எனக்குத் தொண்டை கம்மும்.
அது மட்டும் பொய்யில்லை.

பிறகு புத்தகம் கை மாறும்.
மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
ஒரு கையெழுத்து, ஒரு கைநாட்டு,
பால் சொசைட்டிக்கு நேரமான அவசரத்தில் ஒரு கிறுக்கல்.
பத்தரைக்குள் குறைவெண் வரம்பு நிறைந்துவிடும்.

மாராத்தாளிடம் நின்றது.
எட்டாவது பெயில்.
திருப்பூர் பனியன் கம்பெனியில்
பதினாறு வருசமாய்ச் செக்கிங் டேபிள்.
ஒவ்வொரு பீசையும் டியூப்லைட்டுக்கு நேராய் விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் பிசகு
கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர்.
அந்தக் கை பேனாவை வாங்காமல்
பக்கத்தைத் தடவியது.

"படிச்சுப் போட்டுத்தானுங்க போடுவேன்."

"எல்லாம் வழக்கமா எழுதறதுதாம்மா."

"வழக்கமா வர்ற பீஸ்லதானுங்க
டேமேஜ் நெறைய வரும்."

விரல் வைத்து, எழுத்துக் கூட்டி,
சத்தமாகவே படித்தாள்.
வெயில் சாமியானாவைத் தாண்டி எங்கள் காலுக்கு வந்தது.
மேற்கு வளவு ஆழ்குழாய்க் கிணறு,
மோட்டார் பழுதுநீக்கம், மூன்று முறை,
எண்பத்தொன்பதாயிரம்.

"ஏனுங்க,
எங்க வளவுல போர் எங்கீங்க இருக்குது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
உடனே நிறுத்தியும் விட்டார்கள்.

"கொடி ஏத்துன அன்னிக்கு
இதெல்லாம் பேசறது தேசத்துக்கு மரியாதையா?"
தலைவரின் மச்சினன் எழுந்தான்.

"போன ஆகஸ்டுல
எங்க கம்பெனிக்குக் கொடி ஆர்டருங்க.
சக்கரம் கோணலா அச்சானது நானூறு பீஸ்.
நாந்தான் எடுத்து அக்கட்டால போட்டேன்.
நல்லாருக்குதுன்னு அனுப்பியிருந்தா
அது மரியாதைங்களா?"

ஆட்சேபணை என்று எழுதச் சொன்னாள்.
கடைசி வரிவரை நிரப்பியிருந்தேன்,
இடமில்லை.
புத்தகத்தைத் திருப்பி
ஓரத்தில் செங்குத்தாய் எழுதினேன்.
அதையும் வாங்கிப் பார்த்தாள்.
"தேதி போடுலீங்களே."

முன்பே கையெழுத்துப் போட்டிருந்த
நாலைந்து பெண்கள் புத்தகத்தைத் திரும்பக் கேட்டார்கள்.
மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

அடுத்த சபை மார்ச் இருபத்திரண்டு,
தண்ணீர் நாள்.
இப்போது மணி பதினொன்று, முந்தின ராத்திரி.
பழக்கத்தில்
கூட்டம் இனிதே வரை எழுதிவிட்டேன்.
பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.