நான்காவது படி

ஷிகுடிமியில் மைனஸ் பதினெட்டு.
நேற்று நான் இறைத்த கல்லுப்பு
பனிக்கட்டிமேல் கிடக்கிறது,
வேலைக்கு வந்து கைகட்டி நிற்பவனைப் போல.

"இந்தக் குளிருக்குக் கால்சியம் குளோரைடுதான்" என்கிறார்
கடைக்கார ஓனெசிம்.
விலை மூன்று மடங்கு.
பையைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன்.
எதிர்வீட்டு நாய்க்குப் பாதம் வெடித்தது எந்தப் பையால்?
வேலியோர லைலாக் ஒரு பக்கம் மட்டும் பூத்ததே,
அது?
பையில் அதெல்லாம் எழுதியிருக்காது.

உப்பைத் தின்ற படி
தண்ணீர் குடித்தது, போன மார்ச்சில்.
குடித்த நீர் இரவில் உறைய
விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.
அந்தப் பள்ளத்தில்தான் தபால்கார மர்செலின்
இடுப்பை உடைத்துக்கொண்டார்.
உப்பு என் கையுடையது.
வாளி வாளியாய்,
நல்லது செய்கிறோம் என்று.

இப்போது முதலில் மண்வெட்டி.
சுரண்டிச் சுரண்டித் தோள் கழன்றபின்
ஒரே ஒரு கைப்பிடி,
கோலப்பொடியைவிடச் சிக்கனமாய்.
மிச்சத்துக்கு மணல்.

பத்து மணிக்குப் புதுத் தபால்காரி.
திரைச்சீலைக்குப் பின்னால் நின்று
அவள் பூட்ஸை எண்ணுகிறேன்:
ஒன்று, இரண்டு, மூன்று

கரகரவென்கிறது மணல்.

கடிதமில்லை. மின்கட்டண ரசீதுதான்.
இறங்கும்போதும் எண்ண வேண்டும்.