கீழே, சாம்பல் நிறத்தில்

அறுபத்து மூன்று பேர்.
அதில் ஒன்று நான்,
கடிதம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க
எனக்கே போட்டுக்கொண்ட முகவரி.
இன்னொன்று பிழை. ஓர் எழுத்து குறைவு.
வாராவாரம் திரும்பி வருகிறது,
பூட்டிய வீட்டுக்குப் போன
கல்யாணப் பத்திரிகை மாதிரி.

பஹாவில் மழை பிடித்தால் லைன் போகும்.
செம்பனை ஆலைக் கணக்கை முடித்து வந்து
வெள்ளி இரவுகளில் எழுதுகிறேன்:
பக்கத்தின் ஓரம் ஏன் உடைகிறது,
கைப்பேசியில் பட்டன் ஏன் நழுவுகிறது.
யார் கேட்டார்கள்?
அறுபத்து மூன்று பேர்.
சரி, அறுபத்தொன்று.

சேர வந்தால் இரண்டு முறை கேட்பேன்.
முகவரி தந்தால் போதாது,
நீங்கள்தானா என்று ஒரு மடல் போகும்.
ஆமென்று தொட்டால்தான் பெயர் ஏறும்.
விலக ஒரே தொடல்.
ஏன் என்று கேட்பதில்லை,
அழுகிற முகம் போட்ட படமும் இல்லை.
'பிரிவதில் வருத்தம்' என்ற வரியை
மூன்று முறை எழுதி
மூன்று முறை அழித்தேன்.

அப்பா
செக்ரோலில் பேர் வெட்டச் சொல்லி
கிராணியிடம் இரண்டு முறை போனவர்.
இரண்டு முறையும் வாய் திறக்காமல் திரும்பினார்.
வேலையை விட்டால் லயத்து வீடும் போகும்.
அதனால்தான் வாசலை
அகலமாக வைத்தேன்
என்று நினைத்திருந்தேன்.

நேற்று பாசார் மாலாமில்
அப்பம் பாலிக் வண்டிக்கு முன்னால்
டயர்க்கடை தனபாலன் வழிமறித்தார்.
"ஒங்க கடுதாசி வருதும்மா.
ஒண்ணும் வெளங்கல.
மவன் கம்பியூட்டர் படிக்கிறானேன்னு பேரு குடுத்தேன்.
அவன் சிங்கப்பூர் போயிட்டான்.
நிப்பாட்டுனா கோவிச்சுக்குவீங்களோன்னு..."

பதினோரு மாதம்
என் கோபத்துக்குப் பயந்து
திறக்காமலே வாங்கியிருக்கிறார்.

கீழே ஒரு வரி இருக்குமே, என்றேன்,
அதைத் தொட்டால் போதும்.
"கீழயா? ஒண்ணும் தெரியலியேம்மா."
நானே எடுத்துடவா?
"வேணாம் வேணாம், நானே செய்றேன்."
கையில் சூடான பொட்டலம்,
இருவருக்கும் வேர்த்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தேன்.
பத்து பிக்சல் எழுத்து.
வெள்ளை மேல் வெளிர்சாம்பல்.
வயதான கண்ணுக்கும் தெரியும்படி
நிறம் பிரித்து வையுங்கள் என்று
மூன்று இதழ் தொடர்ந்து எழுதியவள் நான்.
எல்லாப் பட்டனையும் சோதித்தேன்,
போகச் சொல்லும் அந்த ஒன்றைத் தவிர.

கறுப்பாக்கினேன். பதினெட்டு பிக்சல்.
கட்டைவிரல் முழுதும் பதியுமளவுக்கு
சுற்றிலும் இடம் விட்டேன்.
மழைக்கு முன் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஐந்து பேர் குறைந்திருந்தார்கள்.
தேநீர் ஆறும்வரை
அந்த எண்ணையே பார்த்தபடி இருந்தேன்.
ஐவரில் தனபாலன் இல்லை.

அடுத்த வெள்ளி
எழுத்தின் அளவு பற்றி எழுத வேண்டும்.
முதல் வரியாவது
அவருக்கு விளங்குகிற மாதிரி.