பாக்கி இருபது

எங்கள் விளையாட்டில் சுடுவதற்கு யாருமில்லை.
பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து பேட்டை வரை
ஒரு டவுன் பஸ். நீங்கள் கண்டக்டர்.
நூறு ரூபாய்த் தாளை நீட்டி
முருகன்குறிச்சி ஒண்ணு என்பார் ஒருவர்.
ஈரடுக்குப் பாலம் வருவதற்குள்
எல்லாருக்கும் சீட்டுக் கிழித்தாக வேண்டும்.
பெயர்: ரைட் போலாம்.

சமாதானபுரத்தில்
சைக்கிள் பார்ட்ஸ் கடைக்கு மேலே
மூன்று பேர், மூன்று வருஷம்.
படமெல்லாம் முப்பிடாதி.
கணக்கும் கோடும் ஜெபசிங்.
குரல்கள் அத்தனையும் நான்:
இறங்க மறந்து தூங்குகிறவர்,
படியில் தொங்கும் பாலிடெக்னிக் பையன்,
கூடைக்கு லக்கேஜ் போடாதே என்று
சண்டை பிடிக்கும் மீன்காரி.

உலகத்துக்கே பெரிய கடை ஒன்று உண்டு.
அங்கே வைத்தோம்.
நூற்றுக்கு முப்பது அவர்களுக்கு.
மழை பெய்தாலும் முப்பது, வெயிலடித்தாலும் முப்பது,
தீபாவளிக்கு விலையைக் குறைத்தால்
குறைந்ததிலும் முப்பது.
வாங்கியது யார் என்று பார்த்தால்
ஒரு எண் இருக்கும், ஒரு நாட்டின் கொடி இருக்கும்.
ஆள் இருக்காது.

பெரிய கம்பெனிகள் அங்கிருந்து
கிளம்பிப் போன வருஷம் அது.
ஆளுக்கொரு கடை, ஆளுக்கொரு வாசல்,
ஆளுக்கொரு பூட்டு.
'அவனுக்கு மட்டுந்தான் வாசல் வைக்கத் தெரியுமாக்கும்?'
என்றான் ஜெபசிங்.
அவன் அப்பாவுக்கு வாழைத்தார் கமிஷன் மண்டி.
கமிஷன் தின்று வளர்ந்தவன்
கமிஷனைத் திட்டும்போது
நாங்கள் குறுக்கே பேசுவதில்லை.

ஆவணிக் கடைசியில் எங்கள் கடை திறந்தது.
ஒரு பக்கம், ஒரு பொத்தான், நூற்றெண்பது ரூபாய்.
கூடத் தர நினைப்பவர்கள் தொகையை எழுத
ஒரு சின்னக் கட்டம், முப்பிடாதியின் யோசனை.
முதல் நாள் மூன்று விற்பனை.
ஒன்று அவளுடைய மதினி.
ஒன்று, பொத்தான் வேலை செய்கிறதா என்று
நானே அழுத்தியது.
மூன்றாமவர் அரை மணியில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்:
'என் கேமெல்லாம் ஒரே அலமாரியில இருக்கு.
உங்க ஒண்ணுக்காக இன்னொரு பாஸ்வேர்டா?'

எனக்குக் கோபம் வரவில்லை.
போன வாரம்தான்
கார் ரேஸ் ஒன்றுக்காக
வேறொரு கம்பெனியின் கடைக்குள் போயிருந்தேன்.
பெயர் கேட்டான், பிறந்த தேதி கேட்டான்,
ஓடிபி அனுப்பினேன் என்றான், அனுப்பவில்லை.
வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு
பெரிய கடையிலேயே வேறொன்றை
முக்கால் விலைத் தள்ளுபடியில் எடுத்தேன்.
இதை மற்ற இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசியில் பதினொன்று விற்றது.
வாடகையை அண்ணாச்சி
கேட்காத மாதிரி கேட்டார்.
போன கம்பெனிகள் ஒவ்வொன்றாய்
பழைய கடைக்கே திரும்புவதாக
முப்பிடாதி போனைப் பார்த்து வாசித்தாள்.
கல்யாண வீட்டில் முறுக்கிக்கொண்டு போனவர்கள்
யாரும் கூப்பிடாமலே வந்து
கடைசிப் பந்தியில் உட்காருவார்களே, அப்படி.

'நாமளும் அங்கேயும் வைப்போம்' என்றேன்.
ஜெபசிங் பதில் சொல்லவில்லை.
ஐப்பசி மழை. கரண்ட் இல்லை.
கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.

போன் வெளிச்சத்தில்தான் அந்த விற்பனையைப் பார்த்தோம்.
செய்யது மசூது, தம்மாம்.
பூர்வீகம் மேலப்பாளையமாம்.
கட்டத்தில் இருநூறு என்று எழுதியிருந்தார்.
கீழே இரண்டு வரி:
'பேட்டை ஒண்ணு.
சில்லறை இல்லன்னா எழுதிக் குடுங்க.'

பெரிய கடைக்கு மறுபடி விண்ணப்பம் போட்டாயிற்று.
நூற்றுக்கு முப்பது. சரி.
இந்தக் கடையை அடைக்கவில்லை.
அன்றிரவு கரண்ட் வந்ததும்
முப்பிடாதி ரசீதுக்கு ஒரு பின்பக்கம் வரைந்தாள்,
மட்டித்தாள், ஓரத்தில் கிழிசலோடு.
அதில் நீல மையில் ஜெபசிங் கிறுக்கினான்,
பாக்கி 20.
ஒன்றுமே விளங்கவில்லையே என்றேன்.
'விளங்கக் கூடாதுல' என்றான்,
'கண்டக்டர் கையெழுத்து.'