ஒட்டுப்பொட்டு

முன்பள்ளியின் குட்டிக் கதிரைகளில்
முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
மட்டக்குளி, எங்கள் ஒழுங்கை,
சிவில் பாதுகாப்புக் குழு, மார்ச் மாதக் கூட்டம்.
வந்தோர் பத்தொன்பது. ஆண்கள் மூவர்,
அதில் ஒருவர் பொலிஸ்.
குறிப்பு எழுதுவது நான்.
மூன்று பாஷை தெரிந்த குற்றத்துக்கு
மூன்று வருடமாய் அனுபவிக்கும் தண்டனை.

கொன்ஸ்தாபல் இந்துனில் வரைபடத்தை விரித்தார்.
சுருண்டுகொண்டே இருந்தது.
நாலு மூலைக்கும் பிள்ளைகளின் களிமண் யானைகளை வைத்தோம்.
பயமாய் இருக்கிற இடத்தில் எல்லாம்
ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள் என்றார்.
நான் தமிழில் சொல்லி முடிக்குமுன்
மல்காந்தி பேனையைத் திறந்துவிட்டார்.
காய்ந்து கிடந்தது.
அரசாங்கப் பேனை.

தவமலர் அக்கா கைப்பையைக் கிளறினார்.
ஒட்டுப்பொட்டு மட்டை,
ஐந்துலாம்புச் சந்தி நடைபாதை விலை
இன்னும் பின்புறத்தில்.
“இது காணுமா தம்பி?”
சிரித்தார். நல்ல யோசனை, எழுதுங்கள் என்றார்.
எழுதினேன்.

பொட்டுகள் இறங்கின.
பொதுக் குழாயடியில் மட்டும் ஐந்து;
அங்கே லைட் எரிந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது.
இனாயா தாத்தா கானோரத்தில் ஒன்று வைத்தார்,
தூள் கைமாறுகிற மதிலடியில்.
பிறகு நகத்தால் அதைக் கிளப்பி
அரை அங்குலம் தள்ளி ஒட்டினார்.
அந்த மதிலில் சாய்ந்து நிற்பவர்களில் ஒருவன்
அவருடைய தங்கை மகன்.

பெர்னதெத் நெடுநேரம் தேடி
தன் வீட்டுக் கூரையின் மேலேயே ஒன்றை வைத்தார்.
யாரும் கேட்கவில்லை.
நான் எழுதவில்லை.

மட்டையில் கடைசிப் பொட்டு.
தவமலர் அக்கா அதை விரல் நுனியில் ஏந்தி
எல்லாத் தெருவையும் கடந்து போய்
பொலிஸ் நிலையத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

“அக்கா, அது நாங்கள்.”
“தெரியும்.”

பிறகு அவர் சிங்களத்தில் பேசினார்.
மெதுவாக, என்னைப் பாராமல்,
மொழிபெயர்க்க எனக்கு எதுவும் மிச்சம் வைக்காமல்.
பஸ் சோதனைச் சாவடியை நெருங்கும்போது
இதைத்தான் நெற்றியிலிருந்து உரித்து
முன் இருக்கையின் முதுகில் ஒட்டுவேன்.
தாண்டியதும் எடுத்தால் பசை இருக்காது.
மாதம் ஒரு மட்டை.
ஒருநாள் மறந்துபோனேன்.
அன்றைக்குத்தான் அந்தக் கட்டடத்தின் உள்ளறையைப் பார்த்தேன்.
உங்களுக்கு அப்போது என்ன வயது தம்பி?

“இரண்டாயிரத்து ஆறா?
முன்பள்ளியில் இருந்திருப்பேன்,” என்றார் இந்துனில்,
முன்பள்ளிக் கதிரையில் இருந்தபடி.

யாரோ பிளேன் ரீ கொண்டுவந்தார்கள்.
சீனி கூட. எல்லோரும் குடித்தோம்.
அதையும் எழுதுங்கள் என்றார் அவர்.
ரீயையா என்று கேட்டேன்.
இல்லை என்று வரைபடத்தைக் காட்டினார்.

இடம் முப்பத்தொன்று: பொலிஸ் நிலையம்.
காரணம் என்ற கட்டத்துக்கு
மூன்று பாஷையிலும் சொல் தேடினேன்.
கட்டம் சின்னது.

மே மாதம் குழாயடிக்கு லைட் வந்தது.
பதினொரு நாள் எரிந்தது.

தொலைந்த அடையாள அட்டைக்கு முறைப்பாடு எழுதப் போனபோது
நிலையத்துச் சுவரில் அந்த வரைபடத்தைக் கண்டேன்.
வெயில் பட்டுப் பொட்டுகள் வெளிறியிருந்தன.
பெயர், தகப்பன் பெயர், நிரந்தர விலாசம்
ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே எண்ணினேன்.
முப்பத்தொன்று.
பெர்னதெத்தின் கூரைக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
இந்துனிலின் கையெழுத்தா என்று கேட்க ஆளில்லை.
அவருக்கு எம்பிலிப்பிட்டிக்கு மாற்றம்.

ஜூன் கூட்டத்துக்குப் புதியவர் வந்தார்.
புதுப் பேனை, நன்றாக எழுதுகிறது.
தவமலர் அக்கா ஆனாலும்
மட்டையோடுதான் வந்திருந்தார்.